கிராமபோனின் உலோகங்கள்: பள்ளிக்கரணைக் காற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

பள்ளிக்கரணை அடுக்குமாடி வீடுகளில், ஷூ ரேக்குக்கும் மீன்தொட்டிக்கும் நடுவே, தாத்தா காலத்து கிராமபோன் பாடாமல் வீற்றிருப்பதுண்டு. அதன் பளபளப்பு என்ன உலோகம் என்பதில் மூன்று கட்சிகள். வீட்டுக்காரர், 'தங்க முலாம்' என்பார். மாமியார், 'பித்தளைதான்' என்பார். காயலான் கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுப்பார். இவ்வாய்வு மூன்றாமவர் கட்சி.

முறையியல்

பொன்னிறக் குழாயில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை வேடமிட்ட இரும்பு. வெள்ளைப் பாகங்களை வெயிலில் பாருங்கள்: லேசான மஞ்சள் தட்டினால் நிக்கல் முலாம், நீலம் தட்டினால் குரோமியம். குரோமியம் முலாம் பரவியதே 1920களின் பிற்பகுதியில். ஆகவே '1910ஆம் வருஷத்துப் பெட்டி சார்' என்று வாங்கியதில் ஆதியிலிருந்தே நீலம் என்றால், பெட்டிக்கு வயது குறைவு, விலை அதிகம்.

ஊசி மாட்டும் சவுண்ட் பாக்ஸின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் உப்பி, மயிரிழை விரிசலோடு இருந்தால் அது துத்தநாகக் கலவை வார்ப்பு. ஈயம் போன்ற கலப்படம் கொஞ்சம் சேர்ந்திருந்தால், ஈரம் பட்டு உள்ளேயே அரித்துப் பெருக்கும். இதற்கு மருந்தில்லை. திருகை முறுக்கினால் உதிர்ந்து கையோடு வரும்.

கண்டறிந்தவை

இவ்வூர் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பெருமையைப் பூநாரைகள் அறியும். செம்பு வேறுவிதமாக அறியும். காற்றுப் புகாத சேற்றிலும் குப்பையிலும் கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். ஏ.சி. மெக்கானிக் காயிலைத் தடவிப் பார்த்து, "காத்து சரியில்ல சார்" என்பது சுருக்கமான வேதியியல்.

ஆனால் அதைவிடக் கொடிய அரிப்பான் ஆயுத பூஜை. வருடமெல்லாம் சீந்தப்படாத கிராமபோன் அன்று புளியும் சாம்பலும் கண்டு, விபூதிப் பட்டையும் சந்தனப் பொட்டும் சூடும். புளியின் அமிலம் பித்தளைச் சொம்புக்கு வரம். நிக்கல் முலாமோ தேய்க்கத் தேய்க்க மெலிந்து, விளிம்பில் அடிப்பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்கும். அதைக் கண்டு, 'பார், பித்தளைதான்!' என்று மாமியார் கட்சி வெற்றி கொண்டாடும்.

பரிந்துரை

உலர்ந்த பழைய பருத்தி வேட்டித் துணி. முலாமின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு. மழைக்காலத்தில் ஜன்னலோரம் வேண்டாம். பொட்டை மேசைக்கு வையுங்கள், புளியைக் குழம்புக்குக் கரையுங்கள். சாமி கோபிக்காது என்பது அனுமானம். போன நிக்கல் திரும்பாது என்பது முடிவு.