மச்சாது: ஒரு குடும்பப் பெயரின் தோற்றம், பொருள், பரவல் குறித்துச் சில துணிபுகள்

கொற்கை முத்தைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். அந்த முத்துக்காக மூச்சடக்கிக் கடலுக்குள் போனவரின் வீட்டு வாசலில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று ஏறிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. அக்குறையை நீக்கும் பொருட்டு, தூத்துக்குடிக் கரையில் வழங்கும் மச்சாது என்னும் குடும்பப் பெயரை இக்கட்டுரை ஆராயப் புகுகிறது. முடிவுகள் சில ஆய்வுக்கு முன்பே எட்டப்பட்டவை. அது இத்துறையில் குற்றமாகக் கருதப்படுவதில்லை.

முதலில் 'அரிய பெயர்' என்றால் என்ன? பெயர் அரியதா எளியதா என்பது எத்தனை ரூபாய்க்குப் பஸ் டிக்கெட் எடுத்தோம் என்பதைப் பொறுத்தது. பனிமய மாதா கோயில் தெருவில் மச்சாது என்றால் "எந்த மச்சாது?" என்பார்கள். கோவில்பட்டியில் "எப்படி எழுதணும்?" என்பார்கள். சென்னையில் "சாருக்குக் கோவாவா?" என்று முடித்துவிடுவார்கள். அவரோ வேம்பாற்றைத் தாண்டி வடக்கே சென்னையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருப்பார்.

பெயரின் பொருள் குறித்து இரு கட்சிகள் உண்டு. முதலாவது மீன் கட்சி. தேநீர்க் கடைகளில் வலுவாக இருப்பது இதுவே. மச்சம் என்றால் மீன். மீனவர் பெயர் மச்சாது. இதில் ஆராய என்ன இருக்கிறது என்பது இவர்கள் வாதம். கூடுதல் சான்றும் வைத்திருக்கிறார்கள். இதே கரையில் மோத்தா என்றொரு குடும்பப் பெயர் உண்டு. மலையாளக் கரையில் கடல் விறாலுக்கு மோதா என்று பெயர். ஆக அதுவும் மீன். பெரைரா? 'பேரயிரை' என்பதன் மரூஉ. அயிரை ஆற்று மீனாயிற்றே என்று கேட்டால், தாமிரபரணி புன்னைக்காயலில்தானே கடலில் சேர்கிறது என்று பதில் வருகிறது. ரோச் என்னும் பெயருக்கு மட்டும் மீன் கிடைக்காததால் அது 'ரோசம்' என்பதிலிருந்து பிறந்ததென விலக்கு அளித்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தாரில் யாரும் இதை மறுத்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது கோடாரிக் கட்சி. துரதிர்ஷ்டவசமாக உண்மை இவர்கள் பக்கம். போர்த்துகீசிய மொழியில் மச்சாது என்றால் கோடாரி. 1147இல் அபோன்சு என்ரிக்கு மன்னர் சாந்தாரெம் கோட்டையைப் பிடித்தபோது, கதவைக் கோடாரியால் பிளந்த வீரனின் வழிவந்தவர்கள் இப்பெயரினர் என்று அந்நாட்டுக் குலக்கதை சொல்கிறது. அவர்களுடைய குலச்சின்னத்திலும் ஐந்து கோடாரிகள் உண்டு. பெரைரா என்பது பேரிக்காய் மரம். உப்பளமும் உடைமரமும் தவிர வேறொன்றும் எளிதில் தழைக்காத கரையில் பேரிக்காய் மரமும் கோடாரியும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருப்பது, சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. கோஸ்தா ஒன்றுதான் இடம் தெரிந்து வந்த பெயர். அதற்குக் கடற்கரை என்று பொருள்.

இனி இது வந்த வழி. முத்துக்குளிப்பு உரிமையில் எழுந்த தகராறில் துணை வேண்டி, 1535இல் பரதவர்களின் பட்டங்கட்டிகள் என்னும் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரைக் கண்டார்கள். இடையில் நின்று பேசியவர் சுவான் தெ குரூஸ் என்னும் மலபார்க் குதிரை வணிகர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கரை முழுவதும் ஞானஸ்நானம் பெற்றது. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தார். தெற்கே திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததையும், ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரை எழுதிக் கொடுத்ததையும் 1545இல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். பெயர் வைத்தால் போதாது, சீட்டும் கொடுக்க வேண்டும் என்று அறிந்திருந்த அவரை இக்கரையின் முதல் தாலுகா அலுவலகம் எனலாம். அவர் எழுதியது புனிதர் பெயர். பின்னால் ஒட்டிய குடும்பப் பெயர் பெரும்பாலும் ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துகீசியருடையது. நின்றவர் கோடாரியானால் இவரும் கோடாரி.

பழைய பெயர்கள் அழிந்துவிட்டன என்று எண்ண வேண்டாம். வில்லவராயர், பூபாலராயர் எல்லாம் இன்றும் இருக்கிறார்கள். பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் செய்து 1806இல் ஓடவிட்ட சாதித் தலைவர் தொன் கபிரியேல் தெ குரூஸ் வாஸ் கோமஸ்; பாண்டியபதி என்ற பட்டமும் அவருக்கே. லிஸ்பனும் மதுரையும் ஒரே கையெழுத்தில் அடங்க அவருக்கு எவ்வளவு அகலமான தாள் தேவைப்பட்டிருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

இக்கட்டுரையின் உயிர்நாடி ஒலிப்பு. படித்தவர்கள் 'மச்சாடோ' என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் 'மச்சாது' என்கிறார்கள். படித்தவர்கள் சொல்வது தவறு. போர்த்துகீசிய மொழியில் சொல்லின் கடைசியில் அழுத்தமின்றி வரும் ஓகாரம் உகரமாகவே ஒலிக்கும்; அங்குள்ள தகரமும் நம் தகரம்தான், ஆங்கிலேயரின் டகரமன்று. பர்னாந்துவும் மச்சாதுவும் அப்படியே லிஸ்பன் நாக்கு. சகரத்தில் நாம் லிஸ்பனையே மிஞ்சிவிட்டோம். இன்று அங்கே 'மஷாது' என்று தேய்த்துவிட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அந்த எழுத்துக்கு இருந்த ஒலி 'ச்ச'வை ஒட்டியது. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்துப் போர்த்துகீசியரை அனுப்பிவிட்டதால், உச்சரிப்பைத் திருத்தச் சொல்லி அங்கிருந்து புதிதாக யாரும் வரவில்லை. சரியான உச்சரிப்பு வேண்டுமானால் அவர்கள்தான் தூத்துக்குடித் தெரேஸ்புரத்துக்கு வந்து கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

இந்த உகரத்தின் மகிமைக்கு இன்னொரு சான்று. வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்த நகர்மன்றத் தலைவரை ஆங்கிலத்தில் குரூஸ் பெர்னாண்டஸ் என்றும் தமிழில் குரூஸ் பர்னாந்து என்றும் எழுதுகிறார்கள். பெர்னாண்டஸ் என்றால் பெர்னாந்துவின் மகன் என்று பொருள். ஆக அவர் ஆங்கிலத்தில் மகன், தமிழில் தகப்பன். ஊரோ அவரை 'தூத்துக்குடியின் தந்தை' என்கிறது. தமிழ் வழக்கே சரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒரு முறையீடும் இங்கே பதிவு செய்யப்பட வேண்டும். போர்த்துகீசியக் கப்பல்களோடு வந்தவை குடும்பப் பெயர்கள் மட்டுமல்ல. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, கொய்யா எல்லாம் உடன் வந்தவையே. மாலையில் தெரேஸ்புரம் கரைக்குப் போனால், வள்ளத்திலிருந்து இறக்கிய சீலாவையும் விளமீனையும் மணலில் கொட்டிச் சுற்றிலும் ஆட்கள் குனிந்து நிற்க, ஒருவர் தொண்டை கிழிய விலை கூவிக்கொண்டிருப்பார். அந்த 'ஏலம்' என்ற சொல்லும் போர்த்துகீசியம்தான். ஏலத்தையோ ஜன்னலையோ பார்த்து யாரும் "நீ எந்த ஊர்?" என்று கேட்பதில்லை. மீனை எடுத்தவர் மச்சாது என்று சொன்னால் மட்டும் கேட்கிறார்கள்.

பரவலைப் பற்றிச் சுருக்கமாக. மச்சாது வகையறாவில் ஒருவர் 1925 முதல் 1933 வரை கியூபாவின் அதிபராக இருந்தார். பிரேசிலின் பெரும் நாவலாசிரியர் மச்சாது தெ அசிஸ் இன்னொருவர். இவர்களுக்கும் தூத்துக்குடிக்கும் உறவு உண்டா என்றால், ஞானத்தகப்பன் வழியில் எதுவும் சாத்தியம். பர்னாந்துகள் கடல் கடந்து இலங்கையை நிறைத்திருக்கிறார்கள்.

உள்நாட்டில் இப்பெயரின் செல்வாக்கு விசா விண்ணப்பப் படிவத்தில்தான் தெரியும். ஏனைய தமிழர் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தின் முன் பேனாவோடு திகைத்து, அப்பா பெயரைப் போட்டு, அதனாலேயே பிறகு விமான நிலையத்தில் அப்பா பெயரால் அழைக்கப்படுகிறார்கள். மச்சாதுவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் கட்டம் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நிரப்பப்பட்டது.

ஆனால் இந்தச் சிறப்பெல்லாம் ஊருக்கு வெளியேதான். ஒரு தெருவில் நாலு சேவியர் மச்சாதும், பக்கத்துத் தெருவில் ஏழு அந்தோணி பர்னாந்தும் இருக்கும்போது தபால்காரருக்குக் கோடாரியும் உதவாது, மீனும் உதவாது. ஆகவே கரையில் ஆளை அடையாளம் காட்டுவது பட்டப்பெயர். அது தாத்தா செய்த ஏதோ ஒரு காரியத்திலிருந்து பிறந்து, பேரன் வரை ஒட்டிக்கொண்டு வருவது. ஆய்வை அத்திசையில் விரிக்க எண்ணிச் சில தரவுகள் திரட்டப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை அச்சேறத் தக்கவையல்ல. மீதியுள்ளவற்றுக்கு உரியவர்கள் சம்மதிக்கவில்லை.