அருவி அண்ணாச்சி

ஐப்பசி பிறந்து வானம் ஒரு நாள் முழுக்க மூடிக் கிடந்தால் கோவில்பட்டியில் மூன்று காரியம் நடக்கும். தீப்பெட்டி ஆபீஸ்களில் மருந்து காயவில்லை என்று புலம்புவார்கள். சம்சாரிகள் உளுந்தும் பாசியும் போட்ட புஞ்சையைப் பார்க்கப் புறப்படுவார்கள். அருவி அண்ணாச்சி தன் எக்செல் வண்டியின் டேங்க் மூடியைத் திறந்து, பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்று எட்டிப் பார்ப்பார்.

தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுவார். மொட்டை மாடியில் காயும் வத்தலை எடுத்து வரச் சொன்னால் முழங்கால் வலி என்பார். மழை விட்டதும் குருமலைப் பக்கம் ஏறுவதற்கு மட்டும் அந்த முழங்கால் ஆட்சேபம் சொல்வதில்லை.

“இடி இடிக்குது, எங்க கிளம்பிட்டீக?”

“இந்தா... கடை வரைக்கும்.”

கடைக்குப் போகிறவருக்குத் தலையில் துண்டும், செல்போனுக்குப் பாலித்தீன் பையும், மடியில் கால் கிலோ கடலைமிட்டாயும் எதற்கு என்று வீட்டம்மா கேட்பதில்லை. கேட்டு அலுத்துவிட்டது.

அருவி பார்க்க வேண்டுமானால் குற்றாலம் போகலாமே என்பீர்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்கு ஆகாது. ஆனியிலும் ஆடியிலும் மேற்கேயிருந்து வரும் மேகம் தன் சுமையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இறக்கிவிடும். மிச்சத்தைக் குற்றாலத்தில் சாரலாகத் தெளித்துவிட்டு, கரிசலுக்கு வெறுங்காற்றை அனுப்பிவைக்கும். அதில் கயத்தாற்றுக் காற்றாலைகள் சுற்றும், நம்முடைய வேட்டி பறக்கும், அவ்வளவுதான். “அடுத்த ஊர் மழையில என்னத்தக் குளிக்கிறது?” என்பார் அண்ணாச்சி. ஐப்பசி, கார்த்திகையில் நம் குன்றின் மேல் நமக்கென்று பெய்து, நம் பாறையில் விழுகிற தண்ணீர்தான் அவர் கணக்கில் அருவி. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலும் சேர்த்துக்கொள்வார்.

எப்போதும் தனியாகத்தான் போவார். அது கொள்கை இல்லை. ஒரு தடவை கூடப் போனவர்கள் மறு தடவை போவதில்லை.

காரணம், தார் ரோட்டுக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவில் கிடக்கும் கரிசல். வெயில் காலத்தில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அந்த மண், மழை பட்டதும் ஊதிப் பெருத்து, மிதித்த காலை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். எட்டுக்கு எட்டு செருப்பில் ஒரு படை மண் ஏறும். அடிவாரம் போய்ச் சேரும்போது அண்ணாச்சி ஒரு சாண் வளர்ந்திருப்பார். அதன் பிறகு வேலிக்காத்தான் முள். வேட்டியில் பாதி அதற்கு.

இத்தனையும் தாண்டிப் போனால் அங்கே ஆட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார்.

“தண்ணி விழுதா?”

“காலைல விழுந்துச்சு. நீங்க இப்ப வாரீக.”

கரிசல்காட்டுக் குன்றுகளின் சுபாவம் அது. மேலே மண் கொஞ்சம், பாறை அதிகம். பெய்கிற தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல விடுவதற்கு அடர்ந்த சோலை கிடையாது. பெய்த வேகத்தில் வழியும். மழை விட்டுச் சில மணி நேரத்தில் பாறை காய்ந்துவிடும். மழை பெய்யும்போது போனால் கண் தெரியாது, விட்டபின் போனால் அருவி இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளிக்காகத்தான் அண்ணாச்சி வருஷம் பூராவும் வானத்தைப் பார்க்கிறார்.

கழுகுமலைக்கும் போவார். ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்த வெட்டுவான் கோயிலையும், வரிசையாக அமர்ந்திருக்கும் சமணத் தீர்த்தங்கரர்களையும் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வரும் இடம். அண்ணாச்சி சிற்பங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாறைச் சரிவில் வழியும் மழைத் தண்ணீரைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். கேட்டால், “அது ஆயிரத்து இருநூறு வருஷமா இங்கதான இருக்கு, நாளைக்கும் இருக்கும். தண்ணி இருக்குமா?” என்பார். பதில் சொல்ல முடியாது. எடுத்த படத்தில் அவருடைய கட்டைவிரல்தான் தெளிவாக விழுந்திருக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மட்டும் அண்ணாச்சி எங்கும் போகவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். கோவில்பட்டி வட்டாரத்தில் கண்மாய்கள் நிரம்பித் தளும்பின. அன்றைக்குத் தெருவே அவர் வாசலுக்கு வந்தது. எந்தக் கண்மாய் மறுகால் பாய்ந்தால் எந்த ஓடைக்கு வரும், எந்தத் தரைப்பாலம் முதலில் முங்கும், எந்தப் பாதையில் வண்டி போகலாம் என்று மனப்பாடமாகச் சொல்ல வேறு ஆள் இல்லை. கட்டிடம் வந்து மறைத்த ஓடைகளைக்கூட அவர் நடந்து பார்த்து வைத்திருந்தார். சம்சாரி மழையைப் புஞ்சையில் பார்ப்பான், மற்றவர்கள் டிவியில் பார்ப்பார்கள். அது எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்கிறவர் இவர் ஒருவர்தான்.

ஆகவே உங்கள் தெரு அண்ணாச்சியைக் கேலி செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் மலைப்பக்கம் கறுத்திருக்கும்போது ஓடைக்குள் இறங்க விடாதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையனைக் கொண்டுபோயிற்று. மேலே பெய்கிற மழை கீழே நிற்கிறவனுக்குச் சொல்லிவிட்டு வராது. வனத்துறை கதவைப் பூட்டினால் அதற்குக் காரணம் உண்டு.

எக்செல் சாவியை வாங்கி வையுங்கள். மழை விட்ட மறுநாள் காலையில் கொடுத்தால் போதும். அருவி இருக்காது, அண்ணாச்சி இருப்பார்.