பூச்சியல்: பைன் கட்டை வெள்ளியாவது குறித்து ஓர் ஆராய்ச்சி

பூச்சு + இயல் = பூச்சியல். குற்றியலுகரம் கெட, உயிர் ஏறிப் புணர்ந்தது. கரப்பான், வண்டு முதலியவற்றைத் தேடி வந்தோர் பூச்சியியலுக்குச் செல்க. அங்கே வாசலிலேயே ஒரு யகர உடம்படுமெய் நிற்கும்.

ஆய்வுப் பொருள் ஒரு மரக்கட்டை. அமெரிக்கச் சாரணச் சிறார்களான கப் ஸ்கவுட்டுகள் ஓட்டும் பைன்வுட் டெர்பி பந்தயத்துக்கான கட்டை அது. நீளம் 7 அங்குலம், அகலம் 1¾, உயரம் 1¼. கூடவே நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், அச்சாக நான்கு ஆணிகள். எஞ்சின் கிடையாது. சரிவான தடத்தின் உச்சியில் நிறுத்திவிட்டால் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். எடை 5 அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 142 கிராமுக்கு, மேல் போகக் கூடாது. ஓட்டம் மூன்று நொடி. பெயின்ட் அடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இந்த விகிதம் குறித்துத் தனிக் கட்டுரை எழுத உத்தேசம்.

இனி வரலாறு. கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் 1953 மே 15 அன்று முதல் பந்தயம் நடந்தது. தொடங்கியவர் டான் மர்ஃபி. ஆள் உட்கார்ந்து ஓட்டும் சோப் பாக்ஸ் டெர்பியில் சேர அப்போது 12 வயதாகியிருக்க வேண்டும். மர்ஃபியின் மகனுக்கு 10. ஆகவே உட்காரத் தேவையில்லாத வண்டியைக் கண்டுபிடித்தார். இங்கே கவனிக்க வேண்டியது மர்ஃபி வேலை பார்த்த இடம்: நார்த் அமெரிக்கன் ஏவியேஷன். பி-51 மஸ்டாங் போர் விமானத்தைச் செய்த கம்பெனி. சுற்றிலும் அலுமினியம் பளபளக்கும் இடத்தில் சம்பளம் வாங்கியவர், பிள்ளைகள் கையில் கொடுத்தது பைன் கட்டையை! அந்தக் கட்டையைத் திரும்ப அலுமினியமாக்கத் தகப்பன்மார் படும் பாடு அன்றே தொடங்கிவிட்டது என்பது என் துணிபு.

கட்டையைக் காராகச் செதுக்கியபின் எழும் முதல் ஐயம்: ‘மெட்டாலிக் பெயின்ட் அடித்தால் மரத்தின் குறை மறையும் அன்றோ?’ மறையாது. சாதா நீலம் ஒரு பள்ளத்தைப் பெருந்தன்மையோடு மூடும். வெள்ளி அதே பள்ளத்துக்கு விளக்குப் போட்டுக் காட்டும். பைனில் மென்வரி, வன்வரி என்று மாறி மாறி வரும். உப்புத்தாள் மென்வரியை அதிகம் தின்னும். கட்டையின் வெட்டுமுகமோ பெயின்டை ஸ்பாஞ்சு போலக் குடிக்கும். எனவே பட்டி பார்த்து, 120, 220, 400 என்று உப்புத்தாளின் நம்பரை ஏற்றிக்கொண்டே போய், பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி பிரைமர். பளபளப்பு டப்பாவில் இல்லை, முழங்கையில் இருக்கிறது. முழங்கை வலித்தபின்தான் இதை எழுதுகிறேன்.

பூச்சின் உள்ளடக்கம் அலுமினியச் செதில்கள். லேசாக அடித்தால் அவை கூரை ஓடுபோலப் படுத்துக்கொண்டு ஒளியை ஒரே பக்கம் திருப்பும். தடிமனாக அடித்தால் ஈரத்தில் நீந்தித் திசைக்கொன்றாக நிற்கும். கார் திட்டுத் திட்டாகத் தேமல் விழுந்ததுபோல் இருக்கும். என் முதல் சோதனை இரண்டாம் வகை. ‘சரி, தேய்த்துச் சமன் செய்வோம்’ என்று அதன்மேல் உப்புத்தாள் வைத்தது இரண்டாம் பிழை. செதில்கள் கீறுபட்டு, எவர்சில்வர் தட்டாக இருந்தது பழைய அலுமினியக் குண்டான் ஆயிற்று. கராஜில் ஒரே அமைதி. “அப்பா, நான் தொடலாமா?” என்றான் எட்டு வயது மகன். “காயட்டும்டா” என்றேன். அந்த மூன்று வாரத்தில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவே.

குரோம் மதத்தார் வேறு. பளபளக்கும் கறுப்பை அடியில் பூசி, நன்கு உலரவிட்டு, மேலே மெல்லிய குரோம் ஸ்பிரே அடிப்பர். முகம் பார்க்கலாம். பாதுகாப்புக்காக மேலே கிளியர் கோட் அடித்தாலோ பெரும்பாலான டப்பாக் குரோம்கள் சாம்பல் பூத்துவிடும். அடிக்காவிட்டால் கைபட்டு மங்கும். இதற்கு அஞ்சிய ஒரு சாரார், ஏசிக் குழாய்களில் ஒட்டும் அலுமினியத் தாள் டேப்பையே கட்டைமேல் ஒட்டிக் கரண்டிக் காம்பால் நீவுவர். அது பூச்சு அன்று, போர்வை. நம் இயலுக்குப் புறத்தே என்க.

ஒரு பாடபேதமும் உண்டு. 1934இல் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் மெர்சிடிஸ் டபிள்யூ 25 கார் 750 கிலோ வரம்பைவிட ஒரு கிலோ கூடுதலாக இருந்ததாம். இரவோடு இரவாக வெள்ளைப் பெயின்டைச் சுரண்ட, அலுமினிய மேனி வெளிப்பட்டு ‘வெள்ளி அம்பு’ என்ற பெயர் வந்ததாம். சொன்னவர் அணி மேலாளர் ஆல்ஃபிரட் நொய்பாவர். வரலாற்றாசிரியர் பலர் இதை ஏற்பதில்லை. என்னால் ஏற்காமல் இருக்க முடியவில்லை. அவர்கள் சுரண்டி வெள்ளியாக்கினார்கள். நான் பூசிப் பூசி வெள்ளியாக்கினேன். எடை மேஜையில் வைத்தால் 5.1 அவுன்ஸ். பிரைமருக்கும் கிளியர் கோட்டுக்கும் எடை உண்டு என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. காரின் வயிற்றில் துளைபோட்டுப் பைனைத் தூளாக உதிர்த்தபோது, தான் மரம் என்பதை அது ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

வேகத்துக்கும் வெள்ளிக்கும் தொடர்பில்லை. ஆணியை மெருகேற்றிக் கிராஃபைட் தூவியவர்கள் முன்னே போனார்கள். நாங்கள் ஏழாவது.

எஞ்சியது ஆசிரியர் யார் என்னும் சிக்கல். விதிப்படி கார் மகனுடையது. அகச்சான்று முழுவதும் தகப்பன் பக்கம். அன்றிரவு சமையலறை விளக்கடியில் காரைச் சாய்த்துப் பார்த்தேன். இடப்பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே, கிளியர் கோட்டுக்கு அடியில் ஒரு சாம்பல்நிறக் கைரேகை. மிகச் சிறியது. கிளியர் கோட்டுக்கு முந்தைய மாலை சக்கரங்களுக்குக் கிராஃபைட் தடவும் வேலையை மட்டும் அவனிடம் கொடுத்திருந்தேன். இடைச்செருகல் என்று கருதி 600 நம்பர் உப்புத்தாளை எடுத்தேன்.

“அது என்னோடதுப்பா” என்றான்.

மூலபாடத்தில் கை வைப்பது பதிப்பு முறையன்று. உப்புத்தாளை மடித்து டிராயரில் போட்டேன்.