மும்மதகுச் சூத்திரம்: வடக்கனந்தல் உரையுடன்

கோமுகி அணையின் நீர்மட்டத்தைக் கைப்பேசியில் காட்டும் சிறு இணையச் செயலியை கிளவுட் சர்வரில் ஏற்றுமாறு எங்ஙனம் என்பது இவ்வாய்வின் பொருள். அணையின் முழு மட்டம் 46 அடி. வடக்கனந்தலிலிருந்து வண்டியை எடுத்தால் நேரிலேயே பார்த்துவிடலாம். அங்ஙனமாகவும் கேள்வி மும்பை போய் மீள்வது என்னை எனின், அமேசான் தன் முதல் இந்தியக் கிளவுட் மையத்தை 2016இல் அங்கே திறந்தமையின் என்க. “பக்கத்துல கெடக்கற தண்ணியப் பாக்க பம்பாய்க்கா தம்பி போவணும்?” என்று டீக்கடைப் பெரியவர் எழுப்பிய தடைக்கு இதுவரை எவரும் தக்க விடை கூறிற்றிலர்.

இனி யாம் இயற்றிய நூற்பா: ‘திறந்தேன் என்பான் திறந்தது ஒன்றே.’

உரை: மதகு மூன்று. கிளவுட் கணக்கின் செக்யூரிட்டி குரூப் ஒன்று. உபுண்டுவுக்குள் இருக்கும் யூஎஃப்டபிள்யூ என்னும் ஃபயர்வால் ஒன்று. செயலி காதுகொடுக்கும் முகவரி ஒன்று. முதல் இரண்டையும் திறந்துவிட்டு, முன்னே கேள்வியை வாங்கித் தரும் என்ஜின்எக்ஸ் இன்றிச் செயலியை மட்டும் 127.0.0.1இல் விட்டால் அது தன்னோடு தானே பேசிக்கொண்டிருக்கும். எஸ்.எஸ்.எச். வழி உள்ளே நுழையும் 22ஆம் போர்ட்டை அனுமதிக்குமுன் யூஎஃப்டபிள்யூவை இயக்கிய புலவர், அடுத்த முறை தம் சர்வருக்குத் தாமே அந்நியர் ஆவர். அதே 22ஐ உலகுக்கெல்லாம் திறந்து வைத்தாலோ, பாஸ்வேர்டை ஊகிக்கும் நிரல்கள் பொழுது சாயுமுன் வந்து தட்டும்.

நோய் நாடுமாறு: பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் முதல் இரு மதகுகளில் ஒன்று மூடியுள்ளது. உடனே மறுத்தால் அவ்விரண்டும் திறந்துள்ளன, அந்தப் போர்ட்டில் கேட்பார் இல்லை. 502 எனில் முன்னே என்ஜின்எக்ஸ் விழித்திருக்க, பின்னே செயலி படுத்துவிட்டது. ஒரு ஜிபி நினைவகம் உள்ள மலிவுச் சர்வரில் இது அடிக்கடி நேரும்.

இவ்விடத்து ரீஸ்டார்ட் மதத்தார், லாக் மதத்தார் என இரு சாரார் உளர். முன்னவர் எதையும் படியாமல் மறுபடி இயக்குவர். பாதி நேரம் சரியாகியும் விடும். அதுவே அவர்தம் பிடிவாதத்துக்குக் காரணம். பின்னவர் லாகின் கடைசி இருபது வரியைப் படிப்பர். யாம் பின்னவர் பக்கம். இரவு பதினொன்றுக்கு மேல் முன்னவர் பக்கம்.

எச்.டி.டி.பி.எஸ். வந்தபின் 80ஆம் போர்ட் எதற்கு என்று மூடுவாரும் உளர். அதற்கு வேண்டிய லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் வழக்கமான ஆயுள் 90 நாள். தானாகப் புதுப்பிக்கும் சர்ட்பாட், இந்த டொமைன் உம்முடையதுதானா என்று பொதுவாக அந்த 80 வழியாகவே சோதிக்கும். மூடியிருந்தால் புதுப்பிப்பு நடவாது; கெடு முடிந்ததும் பிரவுசர் பார்ப்பவரையெல்லாம் மிரட்டும். இதனைச் சான்றிதழ் இயல் எனத் தனியே பிரிப்பாரும் உளர். அது பொருந்தாது, இதுவும் மதகு வழக்கே.