பாங்கோட் அரண்மனைப் பந்தி

தமிழ் பேசும் இண்டியானா ஜோன்ஸுக்கு விசிலடித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. சுரங்கத்துத் தள்ளுவண்டித் துரத்தலும் அறுந்து தொங்கும் பாலமும் இன்றைக்கும் அலுக்காது. அந்த ஆசையில்தான் ‘டெம்பிள் ஆஃப் டூம்’ படத்தை மறுபடி போட்டேன். பந்தி வந்தது.

1935, பாங்கோட் மகாராஜா வீட்டு விருந்து. பாம்பின் வயிற்றைக் கீறினால் உள்ளிருந்து உயிரோடு நெளிந்து வருகின்றன குட்டிகள். அடுத்தது உள்ளங்கை அகல வண்டு. பெரியவர் ஒருவர் அதை உடைத்து உறிஞ்சுகிறார். சூப்பில் கண்முழி மிதக்கிறது. பாயசத்துக்குப் பதில், சில்லென்று குரங்கு மூளை, மண்டையோடு. இத்தனை செலவு செய்த ஸ்பீல்பெர்க்குக்கு ஒரு அப்பளம் பொரிக்க ஆள் கிடைக்கவில்லை.

திவானாக நடித்த ரோஷன் சேத் பிற்பாடு விளக்கம் சொன்னார்: வெள்ளைக்காரர் நம்மைப் பற்றி நினைப்பதையே அரண்மனைக்காரர்கள் பரிமாறி அவர்களைக் கேலி செய்கிறார்களாம். அப்படியானால் பந்தியில் இருக்கும் நம்மாட்கள் எதற்கு அத்தனை ருசித்துத் தின்கிறார்கள்?

கதையைத் திருத்தச் சொன்னது இந்திய அரசு. படக்குழு மூட்டை கட்டிக்கொண்டு கண்டிக்குப் போய்விட்டது. அதனால் இந்தியக் கிராமத்து ஜனங்கள் சிங்களத்தில் புலம்புகிறார்கள். கறுத்த தோலும் கந்தல் துணியும் இருந்தால் சரி, எந்தப் பாஷையில் அழுதால் ஹாலிவுட்டுக்கு என்ன? ஆடியில் கூழ் வாங்கிக் குடிக்கும் காளியம்மன் பெயரில் இதயத்தைக் கையாலேயே பிடுங்குகிறார் அம்ரீஷ் புரி. கடைசியில் துப்பாக்கிப் படையோடு வந்து காப்பாற்றுவது யார்? பிரிட்டிஷ் கேப்டன்! அடுத்த எட்டாவது வருஷம், 1943-இல், வங்காளத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் சோறில்லாமல் செத்தார்களே, அப்போது அந்தத் துரை எந்த ஷூட்டிங்கில் இருந்தாரோ.

1984-இல் படம் வந்ததும் அமெரிக்கப் பெற்றோர் கொதித்தார்கள். எதற்கு? இதயம் பிடுங்குவதைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். ‘கிரெம்லின்ஸ்’ படத்தின் மேலும் அதே புகார். ஸ்பீல்பெர்க்கே யோசனை சொல்ல, ஜூலைக்குள் பிஜி-13 என்று புதுச் சான்றிதழே பிறந்துவிட்டது. அவர்கள் பிள்ளை தூக்கத்தில் அலறக் கூடாது, நியாயம். அந்தப் பிள்ளையின் வகுப்பிலேயே தயிர்சாத டப்பாவைத் திறக்கும் இந்தியப் பிள்ளையிடம், “உங்க வீட்ல குரங்கு மூளையா?” என்று நாலு பேர் சிரித்தார்களே, அதற்கு எந்த எழுத்தில், எந்த எண்ணில் சான்றிதழ் கொடுத்தீர்கள், கனவான்களே?