மின்சாரக் கங்காணி

கங்காணி என்றாலே கண்காணிப்பவர்தான். அப்புத்தளையில் ஒரு சில்லறைக் கடையில் இப்போது அந்த வேலைக்கு நாலு கமரா. பகலில் சூரப்புலி. இரவு மூடுபனி இறங்கினால், கமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் பனியிலேயே பட்டுத் திரும்பித் திரையெல்லாம் பால்வெள்ளை. மிச்சத்தைச் சிலந்தி வலை மறைக்கும். கரண்ட் போய் வந்தால் ரெக்கார்டருக்கு 2000 ஜனவரி 1 பிறந்துவிடும்; உள்ளே பொத்தான் அளவு பேட்டரி செத்திருக்கும்.

"போன மாசம் காணாமப் போன கருவாட்டு மூட்டையைக் காட்டுங்க தம்பி" என்கிறார் முதலாளி.

"ஒரு டெராபைட்தானே முதலாளி, பத்து நாளைக்கு மேல தானா அழிச்சிரும்."

தோட்டத் தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி அவரைக் கட்டிப்போட்ட துண்டு முறையைச் சட்டம் 1921இல் ஒழித்தது. அதுவரை தோட்டத்துப் பெரிய கங்காணிகள் ஒரு சதக் கடனையும் மறந்ததில்லை. அவர்களுக்கு டிஸ்க்கும் தேவைப்படவில்லை.