சாவி யாரிடம்?

ஆகஸ்ட் முதல் வாரத்தில் உலகத் தாய்ப்பால் வாரம் வந்தால் தாய்ப்பாலுக்குத் தனி மவுசு. பேரணி, பேனர், உறுதிமொழி, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை. எட்டாம் தேதி பேனரை அவிழ்த்து மடித்துவிடுவார்கள். விவரம் தெரியாத குழந்தைக்குத்தான் அன்றும் பசிக்கிறது.

2015-இல் தமிழக பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். நல்ல காரியம்தான். அண்மையில் கைக்குழந்தையோடு வந்த மகளுக்காக ஒரு பஸ் நிலையத்தில் அந்த அறையைத் தேடினேன். பூட்டு தொங்கியது. சாவி டைம் கீப்பரிடம். டைம் கீப்பர் டீக்கடையில். ஒருவழியாகத் திறந்தால் உள்ளே இரண்டு துடைப்பம், ஒரு ஃபினாயில் கேன், கால் ஒடிந்த நாற்காலி. மகள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

அறைக்குக் கல்வெட்டு உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து, "பிள்ளையை இப்படிப் பிடிம்மா" என்று சொல்லித்தரும் ஆளுக்கு? 2016-இல் மத்திய அரசு தொடங்கிய 'மா' என்ற தாய்ப்பால் ஊக்குவிப்புத் திட்டத்தில், தாய்மார் கூட்டம் நடத்தும் ஆஷா சுகாதாரப் பணியாளருக்கு மூன்று மாதத்துக்கு 100 ரூபாய் என்று வைத்தார்கள். நாளுக்கு ஒரு ரூபாய்ச் சொச்சம். சால்வை இதைவிட விலை அதிகம்.

தாய்ப்பால் இலவசம் என்று யாரோ சொன்னதை நிதித்துறை கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டது போலிருக்கிறது.